அண்ணியின் சிவப்புப் பூட்டு

என் அண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் பெண்டாட்டி என்பதற்காகத் தூக்கிப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாத்தனார் வாயால் நல்ல பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமா என்ன?

அண்ணிக்கு ஊருக்கு வெளியே இருக்கும் மின் நிலையத்தில் வேலை. அணைகளிலிருந்து வரும் மின்சாரத்தை அங்கே ஏசியிலிருந்து டிசியாக மாற்றி, மலை, ஆறு, வயல் எல்லாம் தாண்டி எங்கேயோ கிடக்கும் ஒரு பெரிய நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் இன்னொரு நிலையம் அதைத் திரும்பவும் ஏசியாக்கி வீடுகளுக்குக் கொடுக்கும். எதற்கு இந்தத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"ஏசி முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே இருக்கும் அத்தை. டிசி ஒரே பக்கமா போகும். அவ்ளோ தூரம் அனுப்பணும்னா டிசியிலதான் வழியில வீணாகறது கம்மி."

"அப்ப உன் புருஷன் ஏசி," என்றாள் அம்மா. "கடைக்குப் போடான்னா தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, என்ன வாங்கணும்னு கேக்கறான்."

லாரி ஓட்டுகிற என் அண்ணன் தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

அம்மாவுக்கு வாய்தான் இப்படி, ஆனால் அந்த வேலை மட்டும் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. காக்கிச் சட்டையும் ஹெல்மெட்டுமாக மருமகள் சைக்கிளில் போவதைப் பார்த்தால் ஒரு பெருமூச்சு விடுவாள். "வீட்ல ஒட்டடை அடிக்க ஆளில்ல. அங்க போய்த் தூசி துடைக்கறாளாம், அதுக்கு ஒரு படிப்பு வேற."

தூசி துடைப்பது உண்மைதான். நிலையத்தின் நடுவில் வால்வு ஹால் என்று ஒரு கூடம் இருக்கிறது. குடும்பத்தாரை உள்ளே விட்ட ஒரு நாளில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். அம்மாடி, என்ன உயரம்! அலமாரிகளை அடுக்கடுக்காகக் கூரையிலிருந்து தொங்கவிட்ட மாதிரி இருந்தது. மின்சாரத்தை மாற்றுகிற வேலை முழுக்க அதற்குள்தான் நடக்கிறது. கரண்ட் ஓடும்போது ஒரு ஈ காக்கா உள்ளே போக முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை லைனை நிறுத்துவார்கள். அப்போதுதான் அண்ணியின் குழு ஏணி வண்டியில் ஏறித் தூசி துடைத்து, குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்களில் எங்கே கசிகிறது என்று மூட்டு மூட்டாகத் தடவிப் பார்க்கும்.

உள்ளே போவதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. லைனைத் திரும்பப் போடுவதற்கான சாவியை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து மூடுவார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டில் அவரவர் பெயரும் படமும் இருக்கும், சாவி அவரவர் கழுத்தில். வெளியே வந்ததும் தன் பூட்டைத் தானே கழற்ற வேண்டும். ஒரே ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் பெட்டி திறக்காது. அண்ணியுடையது சிவப்புப் பூட்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினாள். புது நகை வாங்கியவள்கூட அப்படிக் காட்டியிருக்க மாட்டாள்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது, என்னால். என் வீட்டுக்காரர் கப்பலில் இருப்பவர். வயிற்றில் பிள்ளையோடு நான் அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கோ முழங்கால் வலி. "நாளைக்குக் குழந்தை வந்தா யார் பாத்துக்கறது? நீ வேலைய விட்டுடு," என்று அண்ணியைப் பிடித்துக்கொண்டாள். நான் சண்டை போட்டேன். அண்ணன் வழக்கம்போலத் தட்டைப் பார்த்தான். நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் அண்ணியே, "சரி அத்தை, இந்த வருஷ நிறுத்தம் முடியட்டும், எழுதிக் குடுத்துடறேன்," என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்த் துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தத்தின் கடைசி நாள் மதியம் எனக்கு வலி எடுத்துவிட்டது. அண்ணன் லாரியோடு வெளியூரில். அம்மா கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிலையத்தின் வாயிலுக்குப் போன் போட்டாள். "அவள உடனே அனுப்புங்க!"

அண்ணி அப்போது கூடத்திலிருந்து வெளியே வந்து, குழாய் மூட்டுக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்க நிலையத்து ஸ்டோருக்குப் போயிருந்தாள். காவலாளி எதிரே ஓடிவந்து விஷயத்தைச் சொன்னதும், வளையத்தைப் போட்டாள், சைக்கிளை எடுத்தாள், பறந்தாள். பூட்டு பெட்டியில். சாவி கழுத்தில். போன் லாக்கரில். வாயில் பதிவேட்டில் கையெழுத்தும் போடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் செய்த ஒரே தப்பு, அதையும் அரைகுறையாகச் செய்யவில்லை.

அவள் வந்ததால் நான் பிழைத்தேன். ஆட்டோ பிடித்தது, படியில் என்னைத் தாங்கியது, "கத்து, நல்லா கத்து, யாரு என்ன சொல்லப் போறாங்க" என்று கையைக் கொடுத்தது எல்லாம் அவள்தான். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

வார்டில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தூரத்து நகரத்தில் சாயங்காலம் வரவேண்டிய கரண்ட் இன்னும் வரவில்லையாம். பாதி நகரம் இருட்டில் கிடக்க, ஜனங்கள் வாசலில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். அம்மா உச்சுக் கொட்டினாள்.

"பாவம். எவனோ பொறுப்பில்லாம எங்கயோ போய்த் தூங்கிட்டான் போல."

"ஆமா அத்தை," என்று அண்ணி குழந்தையை என்னிடம் கொடுக்கக் குனிந்தாள். சட்டைக்குள்ளிருந்து சாவி நழுவி வெளியே ஆடியது. அதை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்கு ஓடினாள்.

அவள் கதவை எட்டுவதற்குள் அவளுடைய மேற்பார்வையாளர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்துவிட்டார். தொலைந்தது, அறையே விழப்போகிறது என்று நினைத்தேன். அந்த மனிதர் அண்ணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் கட்டிலோரம் தொப்பென்று உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கியாம்மா," என்றார். "எத்தன தடவ உள்ள போய்த் தேடினோம் தெரியுமா? மேல ஏறி, கீழ படுத்து, ஒவ்வொரு இடுக்கா... எங்கயோ விழுந்து கிடக்கறேன்னு நினைச்சு..."

"வாசல்ல காவலாளிக்குத் தெரியுமே சார்..."

"அவன் ஷிஃப்ட் முடிஞ்சு போய்ப் படுத்துட்டான். இப்பதான் எழுப்பிக் கேட்டோம். அங்கேருந்து நேரா வரேன்."

அம்மா டிவியைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள். "அந்தக் கரண்ட் இவளாலயா நிக்குது? ஒரு பூட்டுதானே சார், வெட்டி எறிஞ்சிருக்கலாமே?"

"வெட்டச் சொல்லி மேலேருந்து போன் மேல போன் வருதும்மா. வெட்டுற கட்டரும் பக்கத்துலயே இருக்கு. இவங்க குழுவுல ஒருத்தன்கூடத் தொட மாட்டேன்னுட்டான். பூட்டு தொங்கினா ஆள் உள்ள இருக்காங்கன்னுதான் எங்களுக்குக் கணக்கு. வெளிய இருக்கறத கண்ணால பாக்காம போட மாட்டோம்."

"இவ ஒருத்திக்காக ஒரு ஊரே இருட்டுல கிடக்குதா?"

"கிடக்கட்டும்மா. கரண்ட் நாளைக்குக்கூட வரும்."

அம்மா திரும்பி அண்ணியைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அடுப்படி எட்டு மணிக்கு மூடிவிடும். தாமதமாகும் நாட்களில் அண்ணி ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே தின்றுவிட்டுப் படுப்பாள். அவளுக்காக யாரும் ஒரு வாய்ச் சோற்றைத் தள்ளிப்போட்டதில்லை. அம்மாவுக்கு அதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போடி," என்றாள் அண்ணியிடம். "போய் உன் பூட்டத் திற. எழுதிக் குடுக்கறேன்னு சொன்னியே, அந்தப் பேச்சே வேண்டாம். குழந்தைய நாங்க பாத்துக்கறோம். உங்கண்ணன் வரட்டும்டி," என்று என் பக்கம் திரும்பினாள், "அவனுக்கும் கை இருக்கு."

அண்ணி மேற்பார்வையாளரின் வண்டியில் ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் டிவியில் அந்த நகரம் தெருத் தெருவாக வெளிச்சமாகி, ஜனங்கள் கைதட்டினார்கள். "உங்க மாமிதான் போட்டாங்க," என்று குழந்தையின் காதில் சொன்னேன். அது கொட்டாவி விட்டது.

அண்ணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வராமல் இருக்குமா? இன்று அவள்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி. ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அன்று அவள் திரும்பி வந்த நேரம்தான். வார்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அம்மா மட்டும் மூடி திறக்காத டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அத்தை, நீங்க இன்னும் சாப்பிடலையா?"

"நீ வரல இல்ல," என்றாள் அம்மா.