ஜன்னலில் தொங்கிய சாக்கு

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் காஜா பேராங் என்ற ஊரில் ருக்மணி தனியாக இருந்தாள். அவள் அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் அடுத்த வீட்டுத் தெய்வானைக்குத் தூக்கம் வராது. தினமும் எட்டிப் பார்ப்பாள். பொறுக்கமாட்டாமல் ருக்மணி சமையலறை ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டாள்.

ஒருநாள் மலேரியாக் காய்ச்சல் அவளைக் கிடத்திவிட்டது. தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. மத்தியானம் சாக்கை விலக்கிக்கொண்டு ஒரு தலை நுழைந்தது.

“என்னடி, காலையிலேருந்து அடுப்புப் புகையே காணோம்?”

“நீ பார்க்கக்கூடாதுன்னுதான்க்கா சாக்கு கட்டினேன்.”

“வாயை மூடு. இல்ல, கஞ்சிக்குத் திற.”

தெய்வானை மரவள்ளிக் கஞ்சி ஊட்டி, உடம்பைத் துடைத்து, காய்ச்சல் விடும்வரை கூடவே இருந்தாள்.

எழுந்து நடமாடியதும் ருக்மணி, அந்த எட்டிப் பார்க்கும் குணத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாக்கைக் கழற்றினாள். துணி கிடைக்காத காலம். அதைத் துவைத்துத் தெய்வானைக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தாள்.

“அரிக்குதுடி,” என்றாள் தெய்வானை, ஜன்னல் வழியே அடுப்பைப் பார்த்தபடி.