எருமேட்டுக்குத் தீ வைத்தது யார்?

கெடார் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பா மகன் ஏழுமலை, இரண்டு வாரம் முன்பு விடிந்ததும் விடியாததுமாக போன் செய்தான். "ண்ணா, எருமேட்டுல நாலஞ்சு நாளா புகை வருது. எவனோ நெருப்பு வச்சிக்கினு இருக்கான். ஜல்தியா வா."

எவனோ என்றது சும்மா. ஆளை முடிவு செய்துவிட்டுத்தான் போனையே எடுத்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பங்காளி கலியமூர்த்தி. இட்லிக்கடைக்காரர், விறகு அடுப்பு, சாம்பலை வேலியோரம் கொட்டுகிறவர்... வேறென்ன சாட்சி வேண்டும்?

நானும் லேசுப்பட்டவன் இல்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைகிறதோ என்று யோசிக்கிற ஜென்மம். திண்டிவனத்தில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன்.

சாணியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடியும் இலைதழையுமாக ஆளுயர மேடு. உச்சியில் வெள்ளையாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டேன் — சுரீர்! சாம்பல் வாசனை அடிக்கிற மாதிரிகூட இருந்தது. சந்தேகம் வந்துவிட்டால் மூக்கும் நம் கட்சிதான்.

ஏழுமலை தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறிக் கங்கு தேடியிருக்கிறான். கங்கு கிடைக்கவில்லை. மேடு இன்னும் சுட்டது. வெள்ளிக்கிழமை ஐயனார் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணக் கலியமூர்த்தியைக் கூப்பிடப் போகிறானாம்.

சத்தியம் என்று வந்துவிட்டால், அங்கே இரண்டு வீடும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காது. கலியமூர்த்தி மகள் மலருக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஏழுமலைக்குப் பிள்ளை இல்லை. இவன் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பெண் அது. அவள் கழுத்தில் தாலி ஏறும்போது இவன் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பதா?

விவசாயப் படிப்பு சொல்லித்தரும் நண்பருக்கு போன் போட்டேன். சிரித்தார். அது புகையே இல்லை, நீராவி என்றார். சாணியோடு வந்த கிருமிகள் குப்பையைத் தின்னத் தின்னச் சூடு கிளம்புமாம். நம்மால் கை வைக்க முடியாத சூட்டிலும் ஒரு கூட்டம் ஜோராகக் குடித்தனம் நடத்துமாம். அதற்கு வேண்டியதெல்லாம் ஈரமும் காற்றும்தான்.

தண்ணீர் ஊற்றியது யார்? கிளறிக் காற்று விட்டது யார்?

ஏழுமலை நம்பவில்லை. சத்தியத்தை ஒரு வாரம் தள்ளிப் போடு, அதுவரை மேட்டைத் தொடாதே என்று கெஞ்சினேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான். மேடு மெல்ல ஆறத் தொடங்கியது.

நேற்று பேசினான். சத்தியம் வேண்டாமாம். மலர் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட இவனே போகிறானாம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அதெல்லாம் சரிண்ணா... அந்தக் கிருமிய எருமேட்டுல கொண்டாந்து வுட்டது யாரு?"

"உன் மாடுதான்டா."

போனை வைத்துவிட்டான். அவன் மாட்டின் மேலேயே பழி போட்டேன் அல்லவா, இப்போது சந்தேகம் என் மேல்!