என் மனைவி என்மேல் எழுதிய வழக்கு

அழகியநாயகிக்கு வனக்காப்பாளர் வேலை கிடைத்தபோது, சுசீந்திரத்து உறவுக்காரர்கள் என்னிடம்தான் துக்கம் விசாரித்தார்கள். பெண்டாட்டி காக்கி போட்டுக் காட்டுக்குப் போகிறாள் என்றால் புருஷன் எதற்கும் உதவாதவன் என்பது அவர்கள் கணக்கு. பெரிய தவறில்லை. நான் தாவரவியலில் முதுகலை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் மரங்களின் லத்தீன் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சம்பளம் வாங்கினேன். அவள் பன்னிரண்டாம் வகுப்புதான். ஆனால் பட்டையை நகத்தால் கீறி முகர்ந்தே மரம் இன்னதென்று சொல்லிவிடுவாள். எனக்கு இலை வேண்டும், பூ வேண்டும், கூடவே புத்தகமும் வேண்டும்.

பதினெட்டு வருடம் காட்டில் நடந்தாள். கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, எல்லைக் கற்குவியல்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, யானை இறங்கினால் வாழைக்காரர்களிடம் ஏச்சு வாங்குவது. காட்டைப் பற்றி உரையாற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டிருப்பாள். போன ஐப்பசியில் அவள் இறந்தபிறகு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் எனக்கு என்ன தெரியும்?

ஆறு வருடத்துக்கு முன் வீடு கட்டினோம். வாசல் நிலை வைக்க நாளும் குறித்தாயிற்று. திற்பரப்புப் பக்கம் அப்பா விட்டுப்போன ரப்பர் தோட்டத்தின் மூலையில் ஒரு ஈட்டி மரம் நின்றது. சொந்தப் பட்டா நிலமானாலும் ஈட்டியை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்பது அப்போதைய சட்டம். வகுப்பில் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். இருந்தாலும் காவல்காரி வீட்டில் யார் வந்து திருட்டைத் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் யானைக் கணக்கெடுப்புக்கு நான்கு நாள் காட்டுக்குள் போனதும், மரம் அறுக்கும் பெனிஷை வரச்சொன்னேன்.

"சாரே, பெர்மிசன் உண்டா?"

"என் பெண்டாட்டியே ஃபாரஸ்டு தானே மக்கா."

"அதாம் சாரே கேக்கேன்."

மழையால் கணக்கெடுப்பு ஒருநாள் முன்னதாக முடிந்தது. ஜீப் தோட்டத்து வழியாகத்தான் திரும்பியது. நேற்றுவரை மரம் மறைத்த இடத்தில் வானம் தெரிந்தால் அவள் கண்ணுக்குத் தப்புமா? இறங்கி வந்து அடிக்கட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"யாரு வெட்டினது?"

"நம்ம மரம்தானே நாயகி. நிலைக்கு..."

"யாரு வெட்டினதுன்னு கேட்டேன்."

பெனிஷ் என்னைக் கைகாட்டினான்.

அவளைத் தனியே கூட்டிப்போய்க் கெஞ்சினேன். "ரெண்டு நாள்ல அறுத்து நிலையா நிறுத்திட்டா எவனுக்குத் தெரியும்? நீ பாக்கல்லேன்னு வச்சுக்கோ."

"போன மாசம் மலையடியில செல்லக்கனி அவ மக கல்யாணக் கட்டிலுக்கு ஈட்டி முறிச்சா. காலைப் பிடிச்சுக் கரைஞ்சா. நான் விடல்லை, கேஸ் போட்டேன். இதை விட்டா நாளைக்கு அவ முகத்தை எப்படிப் பாப்பேன்? இந்தப் பக்கத்துல ஒருத்தன் என் பேச்சைக் கேப்பானா?"

மேலதிகாரியான வனவர் சிவபிரசாத்துக்குப் போன் போட்டு விவரம் சொன்னாள். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "வேண்டாம் சார். தெரிஞ்ச ஆளுதான்" என்றாள்.

தடிகளை அளந்தாள். ஒவ்வொன்றிலும் சுத்தியலால் முத்திரை அடித்தாள். பிறகு அடிக்கட்டையில் உட்கார்ந்து, பிடித்த குற்றத்தின் விவரத்தை மகஜராக எழுதத் தொடங்கினாள்.

"பேரு?"

"விளையாடாத நாயகி."

"பேரு சொல்லுங்கோ."

சொன்னேன். அப்பா பெயர், வயது, தொழில் எல்லாம் சொன்னேன். தொழில் என்ற இடத்தில் 'தாவரவியல் பேராசிரியர்' என்று எழுதியபோது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. நாயகி ரேஷன் கடையில்கூட அட்டையை நீட்டிக் காட்டுவாளே தவிர வாய் திறக்க மாட்டாள். ஆனால் எழுதிய மகஜரைச் சாட்சிகள் முன்னால் வாசித்துக்காட்ட வேண்டும். ஜீப் டிரைவரும் பெனிஷும் நிற்க, எழுந்து நின்று தொண்டையைச் செருமினாள்.

"மேற்படி நாகேந்திரன் என்பவர்..."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் அவள் குரலில் என் பெயரைக் கேட்டேன். இரண்டு பக்கத்தில் ஒன்பது தடவை வந்தது. குற்றவாளியான நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தடிகளை அரசாங்கம் கொண்டுபோனது. அபராதம் கட்டினேன். குறித்த நாளில் சிமெண்டு நிலை வைத்தோம். மறுவாரம் ரோந்து போனவளைச் செல்லக்கனி வழிமறித்து, "ஏட்டி, வீட்டுக்காரரையும் விடல்லியா நீ?" என்று கேட்டு, உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்தாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போதுதான் நாயகி சிரித்தாள். அவள் சமாதானமாகிவிட்டதாக நினைத்து, "ஒருவழியா என் பேரைச் சொல்லிட்டியே" என்றேன்.

"வெக்கமா இருந்து எனக்கு. இனியொரு மட்டம் என்னைச் சொல்ல வைக்காதீங்கோ."

அதன்பிறகு நான் ஒரு கொப்பைக்கூட முறிக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.