ஈபிள் கோபுரத்தின் நான்கு கம்பிகள்

ஆறுச்சாமி அண்ணன் கால் தவறி விழவில்லை. அவர் ஏறியிருந்த கோபுரத்தைப் பிடித்திருந்த கம்பிகளை, போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று கழற்றச் சொன்னார்கள். அதனால் செத்தார். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். சுவரில் ஒட்டிய போஸ்டரில் 'அகால மரணம்' என்று அச்சடித்தவர்களுக்கும் தெரியும்.

செய்தி வந்தபோது நான் பெரியநாயக்கன்பாளையம் பட்டறையில் ரோமாபுரி அரங்கத்தின் வளைவுகளுக்குப் பழுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். நேற்று வார்த்த பைபர், காலங்காலமாக வெயிலில் கிடந்த கல்லாகத் தெரிய வேண்டும். அதுதான் என் வேலை. வெல்டர் கனகராஜ் காதிலிருந்து போனை எடுக்காமலே உள்ளே வந்தான்.

"பாரீஸ் சாஞ்சிருச்சாமா."

"ஆறுச்சாமியண்ணன் எங்க?"

"அவரு மேல இருந்திருக்காரு அம்மணி."

எங்கள் பட்டறையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் உலக அதிசயங்கள் செய்கிறோம். இரும்புக் குழாயில் கூடு, அதன்மேல் பிளைவுட், பைபர், தெர்மாகோல். கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் பொருட்காட்சிக்குப் போகும். ஊட்டியைத் தாண்டாத சனம் பிரமிடுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும். அதையெல்லாம் கொண்டுபோய் நிறுத்துகிற குழுவுக்கு ஆறுச்சாமி அண்ணன் மேஸ்திரி. "எகிப்து காஞ்சிருச்சா? சீனாவ ரெண்டாப் பிரிச்சு ஏத்துங்க. தாஜ்மகால் கலசத்த இங்க குடுங்க, என்ற மடியில வெச்சுக்கறேன்" என்பார். ஒருமுறை சுங்கச்சாவடியில் என்ன லோடு என்று கேட்டார்கள். "பாரீஸுங்க. ஒடஞ்சு போகும், சித்தெ சீக்கிரம் உடுங்க" என்றார்.

அவர் பயந்தாங்கொள்ளி. அதை மறைத்தவரும் இல்லை. ஈபிள் கோபுரத்தை நிமிர்த்தியதும் உச்சியிலிருந்து நாலு பக்கமும் எஃகுக் கம்பி இழுத்து, முளையடித்துக் கட்டுவார். பிறகு கோபுரத்தின் ஒரு காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு காற்று வந்து போக வேண்டும். அதுவரை யாரும் ஏறக்கூடாது. காற்றில்லாத நாளில் வேலை அப்படியே கிடக்கும்.

"அண்ணனுக்குக் காத்து வந்து வெத்தல பாக்கு வெச்சு அழைக்கோணும்" என்பான் கனகராஜ்.

"சிரிடா. அந்தூர்க்காரன் கட்டுனது தலைமுறை தலைமுறையா நிக்குது. நம்முளது ஒரு பள்ளிக்கூட லீவு நின்னாப் போதும். ஆனா அந்த லீவுல அதுக்கடீல நிக்கறது பூராப் பொடுசுக."

ஒருமுறை ஈரோட்டில் கோபுரத்தின் உச்சியில் உரிந்த பெயிண்டைச் சரிசெய்ய நான் ஏறினேன். காற்று வந்தது. கோபுரம் என்னை மெதுவாக ஒரு பக்கம் கொண்டுபோய், அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்தது. என் விரல்கள் குழாயை விடவில்லை. நான் விட நினைத்தும் விடவில்லை. கீழே கூட்டம் அண்ணாந்து போனில் படம் பிடித்தது. ஆறுச்சாமி அண்ணன் ஏறி வந்து எனக்கு ஒரு படி கீழே நின்றார். அவர் கால் நடுங்கியதில் ஏணிப்படி கடகடவென்று அடித்துக்கொண்டது.

"அம்மணி, காலைல என்ன தின்னே?"

"உப்புமா."

"அதான் எறங்க மாட்டீங்குது. வலது கால என்ற தோள்ல வையி."

"அண்ணா, உங்களுக்கே நடுங்குது."

"ஆமா. ரெண்டு பேரும் நடுங்கீட்டே போலாம், வா. கம்பி நாலும் இருக்குது. நாந்தான் கட்டுனேன்."

இந்தக் கோடையில் கோவையில் பொருட்காட்சி நடத்தியவர் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். ஒரு கல்யாண ஜோடி எடுத்த படத்தில் பெண்ணின் கழுத்துக்குக் குறுக்கே கம்பி விழுந்துவிட்டதாம். முதலாளி மைதானத்துக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஆறுச்சாமி, கம்பியக் கழட்டிரு. பாரீஸ்ல கம்பி கட்டியா வெச்சிருக்கான்?"

"அங்க அஸ்திவாரம் இருக்குதுங்க. இங்க மணல் மூட்டைதானுங்க."

"உனக்கு எப்பப் பாரு பயம்."

"ஆமாங்க. பயந்தானுங்க."

கொங்கு நாட்டின் மரியாதையைப் பற்றி மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்கள். அந்த மரியாதை எங்கிருந்து எங்கே போகிறது என்று எவரும் பேசுவதில்லை. முதலாளிக்கு முப்பது வயது. அவருடைய தாத்தாவின் தோட்டத்தில் ஆறுச்சாமி அண்ணனின் அப்பா பண்ணையத்துக் கூலியாளாக இருந்தவர். அதனால் இளையவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார், மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காற்றுக்குப் பயந்தவர், உயரத்துக்குப் பயந்தவர், அவற்றையெல்லாம்விட இந்தப் பயத்துக்குத்தான் கீழ்ப்படிந்தார். அது அவருடைய பயம் மட்டுமல்ல. அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கெஞ்சி அவர் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். வாசல் அடைத்திருக்கும் நேரத்தில் கம்பி இருக்கலாம், மாலையில் வாசல் திறக்குமுன் கழற்றிவிட வேண்டும். தொங்கினாலும் படத்தில் விழும் என்பதால் உச்சிக்கு ஏறிக் கொக்கியோடு கழற்ற வேண்டும். ஏறவே பயந்த மனிதர் தினமும் மாட்டவும் கழற்றவும் ஏறினார். கூட்டம் இருக்கிற நேரம் முழுவதும் கோபுரத்தின் காலைக் கையால் பிடித்தபடி நின்றார்.

"புடிச்சா நிக்குமாண்ணா?" என்று கேட்டேன்.

"நிக்காது கண்ணு. ஆனா சாயறது எனக்கு மொதல்ல தெரியுமல்ல, கத்தலாம்."

கோபுரம் சாய்ந்த அன்றைக்கு மேற்கே பாலக்காட்டுப் பக்கம் கறுத்திருந்ததாம். மேற்குப் பக்கக் கம்பியைக் கழற்றிவிட்டு அடுத்ததில் கை வைத்திருக்கிறார். காற்று வந்தது. வாசல் இன்னும் திறக்கவில்லை. கோபுரம் விழுந்த இடத்தில்தான் குழந்தைகள் படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். அந்தக் காற்று வாசல் திறந்தபிறகும் வந்திருக்கலாம்.

பொருட்காட்சி நிற்கவில்லை. பாரீஸின் மேல் தார்ப்பாயைப் போர்த்தினார்கள். மறுநாள் மாலை தாஜ்மகால் முன்னால் கூட்டம். அவர் குடித்திருந்தார் என்று பேச்சைக் கிளப்பினார்கள். அவர் குடிப்பார்தான், ஞாயிற்றுக்கிழமைகளில். ஏறுகிற நாளில் தொட்டதில்லை. இதை அவருடைய மனைவி சாந்தாமணி அக்காவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "அவரு பயந்துட்டே இருந்ததுனால நீங்கெல்லாம் பயமில்லாமச் சிரிச்சுட்டு இருந்தீங்க. இனி யாரு கண்ணு பயப்படுவா?" என்று கேட்டார்.

நான் பயப்படுகிறேன் அக்கா. ஆறுச்சாமி அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். இரும்பில் கை வைத்தால் அது எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று உடம்பு கவனிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் விளம்பரப் பலகைக்குக் கீழே என்னால் நிற்க முடியவில்லை. இந்தப் பயத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வளைந்த குழாய்களை நிமிர்த்திக் கனகராஜ் வெல்டு வைத்துவிட்டான். விரிசல்கள் தெரியாமல் பெயிண்ட் அடித்தது நான். கோபுரம் அடுத்துப் பல்லடம் போகிறது. காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகிற பக்கம் அது. காற்றை நம்பி இரும்பு நட்ட பக்கம். நேற்றுப் பட்டறையில் எல்லோர் முன்னிலையிலும் முதலாளியிடம் கேட்டேன், "அங்க கம்பி கட்டுவீங்களா?" அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "லோடு ஏத்துங்கப்பா, நேரமாச்சு" என்றார். குரலை உயர்த்தி மறுபடி கேட்டேன். கனகராஜ் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். முதலாளி காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு வெளியே நின்று இன்னொரு முறை சொன்னேன்.

"கூட்டம் நிக்கறப்பவும் கம்பி நாலும் இருக்கோணுமுங்க. இருக்குமா, இருக்காதா? சொல்லீட்டுப் போங்க."