கடற்கரை அண்ணாச்சிக்கு லாட்ஜ் இல்லை

எங்கள் தெருவில் கடற்கரை அண்ணாச்சியைப் போல உடுத்துகிற ஆள் வேறு யாரும் கிடையாது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது அவருக்கு வேலை. சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால், கோயம்புத்தூர்க்காரர் முதுகு, சென்னைக்காரர் முதுகு என்று வருகிற முதுகையெல்லாம் தட்டி எடுப்பார். அவரிடம் ஒருமுறை முதுகைக் கொடுத்தவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது சட்டை, பேண்ட், கூலிங் கிளாஸ் என்று எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் அண்ணாச்சி ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் அந்தக் கடையையே வாங்க வந்தவர் மாதிரி இருப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, பந்தா என்றால் அப்படியொரு பந்தா. கையில் முடையாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. சீசன் முடிந்த மாதங்களில் யாராவது விசாரித்தால், "கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கேன்" என்பார். ரெஸ்ட் என்பது செங்கோட்டைப் பக்கம் வெள்ளையடிக்கப் போவது. இது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் சாஜிதா. தெருமுனையில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பட்டா, ஆதார், வருமானச் சான்று என்று காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியே கிடக்கும். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வந்து "ஓடிபி இன்னும் வரலையா?" என்று என்னைக் கேட்கிற ஜனங்களிடம் பொறுமையாக இருக்க நான் ஒன்றும் தர்காவில் அடங்கியிருக்கிற அவுலியா இல்லை.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், வேல்விழி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் காலேஜிலேயே முதல் மார்க். திருநெல்வேலியில் எம்.எஸ்சி. இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் அரசு உதவித்தொகையை விட்டால் வேறு வழி கிடையாது. அது கிடைக்க வேண்டுமென்றால் மார்க் நிறைய இருக்க வேண்டும், வீட்டு வருமானம் குறைவாக இருக்க வேண்டும். மார்க்கை மகள் பார்த்துக்கொண்டாள். வருமானத்தைக் குறைவாக வைத்துக்கொள்கிற வேலையை அண்ணாச்சி பல வருஷமாக ஒழுங்காகச் செய்துவந்திருக்கிறார். அதை ஒத்துக்கொள்வதில்தான் தகராறு.

"வருஷ வருமானம் எவ்வளவு போட, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

குனிந்து என் காதருகில் ஒரு தொகையைச் சொன்னார். அவ்வளவு வருமானம் எனக்கு இருந்தால் கடையைப் பூட்டிவிட்டு மக்காவுக்கு உம்ரா போயிருப்பேன்.

"உள்ளதச் சொல்லுங்க."

"ஏம்மா, பெரிய ஆபீசு வரைக்கும் போற பேப்பரு. பாக்குதவன் என்ன நெனைப்பான்? கொஞ்சம் கவுரவமாப் போடு."

"கவுரவமாப் போட்டா பிள்ளைக்கு ஒண்ணும் கெடைக்காது."

"எப்பா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள் வேல்விழி. அவர் போனதும் உண்மையான தொகையைச் சொன்னாள். நான் அடித்து அனுப்பினேன். சான்றிதழ் வந்ததும் அதைச் சேர்த்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த வாரத்தோடு கெடு முடிகிறது.

எங்கள் பகுதி வி.ஏ.ஓ. புவனேஷ் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. பழைய ஆளாக இருந்தால் அண்ணாச்சியின் கூலிங் கிளாஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பரிந்துரை எழுதியிருப்பார். இவர் நேரில் விசாரிப்பேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து அண்ணாச்சி அருவியில். அவர் மனைவி தென்காசிப் பூக்கடையில். வேல்விழி மார்க் ஷீட் வாங்கக் காலேஜுக்குப் போயிருந்தாள். நானும் பிரிண்டருக்கு மை வாங்கப் போய்விட்டேன். விவரம் தெரிந்த ஒரு ஜீவன் தெருவில் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஆள் வந்து, கல்யாண வயசில் பெண் இருக்கிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தால், எங்கள் தெருவுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் துப்பு விசாரிக்க வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாய் கூசாமல் புகழ்ந்துவிட வேண்டும். குறை சொன்னால் பெண் பாவம் சும்மா விடாது. என் நிக்காஹ் சமயத்தில், எனக்கு நன்றாகச் சமைக்க வரும் என்று இதே தெருதான் சொல்லி வைத்தது. என் வீட்டுக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

புவனேஷ் முதலில் போய் நின்றது தோசை மாவு விற்கிற ஆவுடைத்தாய் அக்காவிடம். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. அக்கா பார்த்ததுமே முடிவு பண்ணிவிட்டார், மாப்பிள்ளையே நேரில் வந்துவிட்டான் என்று.

"வேல்விழிங்கிற பொண்ணோட அப்பா என்ன பண்றாருங்க?"

"அவியளா? குத்தாலத்துல ஒரு லாட்ஜே அவிய கையிலதான் இருக்கு."

லாட்ஜில் தங்குகிறவர்களின் முதுகு அவர் கையில் இருப்பது உண்மை. லாட்ஜ் வேறு யாரோ ஒருவருடையது.

"நிலம் ஏதாவது இருக்குங்களா?"

எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த நயினார் அண்ணாச்சி அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "கடையத்துல வயலு கெடக்கு தம்பி! ரெண்டு போகம் வெளையும்!"

"வேற சொத்து, நகை ஏதாவது?"

வந்ததும் வராததுமாக நகையைக் கேட்கிறானே என்று அக்காவுக்குச் சுருக்கென்றுதான் இருந்ததாம். இருந்தாலும் பிள்ளையின் வாழ்க்கை என்று பொறுத்துக்கொண்டார். "அதெல்லாம் சேத்து வச்சிருக்காவ. குறையில்லாம செய்வாவ."

பிறகு தெரு அவரை விசாரித்தது. என்ன வேலை என்றதற்கு, "கவர்மென்ட் வேலைங்க" என்றார். உடனே நயினார் அண்ணாச்சி ஸ்பெஷல் டீயும் வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அக்கா கேட்டதற்கு, ஒரே தங்கச்சி, கட்டிக் கொடுத்தாயிற்று என்றார். "பொறுப்பு முடிஞ்சுட்டு" என்று அக்கா நயினாரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். டீக்குக் காசு கொடுத்தும் வாங்கவில்லை. இந்த ஊர் ஜனங்களுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டே புவனேஷ் பைக்கை எடுத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் பார்த்தால் வருமானச் சான்று கிடையாது என்று வந்திருக்கிறது. காரணத்தைப் பிரிண்ட் எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். 'லாட்ஜ் நடத்துகிறார். கடையத்தில் நன்செய் நிலம் உள்ளது. நிராகரிக்கப்படுகிறது.' அண்ணாச்சி அதை இரண்டு தடவை வாசித்தார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"கவர்மெண்டே போட்டிருக்கான் பாத்தியா? இதுல இன்னொரு காப்பி எடும்மா."

"லேமினேஷன் வேண்டாமா?" என்று பல்லைக் கடித்தேன்.

வேல்விழி கோபப்படவில்லை. "எப்பா, அப்ப நான் நாளையிலேருந்து ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறேன். அங்க ஆளு கேட்டிருந்தாவ" என்றாள். அண்ணாச்சி தாளை மெதுவாக மேஜைமேல் வைத்தார். அதற்குப் பிறகு காப்பியைப் பற்றிப் பேசவில்லை.

மறுபடியும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன். ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து அண்ணாச்சி, வேல்விழி, ஆவுடைத்தாய் அக்கா, நயினார் எல்லாரையும் ஏற்றினேன். வந்தது மாப்பிள்ளை இல்லை, வி.ஏ.ஓ. என்று சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். கெடுத்ததை நாங்களே சரி பண்ணுகிறோம் என்றார்கள். உள்ளதை மட்டும் சொன்னால் போதும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தேன்.

ஆபீஸுக்குள் நுழைந்ததுமே நயினார் ஆரம்பித்துவிட்டார். "சார், லாட்ஜுமில்ல, ஒரு மண்ணுமில்ல. இவன் பரம ஏழ சார்!"

"மூணு நாளா அடுப்பு எரியல சார்!" அக்கா நிஜமாகவே அழுதுவிட்டார். "நான் குடுத்த மாவுலதான் சார் உசிரு கெடக்கு!"

அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஏ மதினி, யாரு வீட்டுல அடுப்பு எரியல? நேத்து மீன் கொழம்பு வச்சு ஒங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்துவிட்டோம்லா!"

"சும்மா கெடலே! ஒனக்காகத்தானே பொய் சொல்லுதேன்!"

புவனேஷ் பேனாவைக் கீழே வைத்தார். "நேத்து லாட்ஜுன்னீங்க, வயல்னீங்க. இன்னைக்கு அடுப்பு எரியலைங்கிறீங்க. நேத்து எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

அக்காதான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளன்னு நெனச்சுட்டோம் சார்."

"எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு சார்" என்று நயினார் வேறு சேர்த்துக்கொண்டார்.

புவனேஷின் காது இரண்டும் சிவந்துவிட்டன. வேல்விழி மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையாரி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். எனக்கு இந்தப் பூமி பிளக்காதா என்று இருந்தது.

"இவங்க சொல்றதை வச்சு இனி நான் எழுத முடியாது" என்று புவனேஷ் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. உங்க வருமானம் என்ன?"

அண்ணாச்சி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சீசனுன்னா நமக்கு நிக்க நேரமிருக்காது சார். பெரிய பெரிய ஆளுவல்லாம் நம்ம கையிலதான்..." பழக்க தோஷம். பாதியில் நிறுத்தி மகளைப் பார்த்தார்.

"இந்தச் சட்ட என்னுது இல்ல சார். எவரோ குடுத்துட்டுப் போனது" என்றார். குரல் இறங்கிவிட்டது. "தண்ணி நல்லா விழுந்தா சீசனுக்குப் பொழப்பு ஓடும். மழ இல்லன்னா அதுவும் இல்ல. பொறவு வெள்ளையடிக்கப் போவேன். அதுவும் இல்லாத நாளுல இவ அம்மா பூக்கட்டி வார காசுலதான் அரிசி. இவியளுக்கெல்லாம் அது தெரியும். தெரிஞ்சும் எனக்காவத் தெரியாத மாரி இருக்காவ. எம்பிள்ளயப் படிக்க வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல சார்."

ஆவுடைத்தாய் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷமாக இந்த மனுஷனின் பந்தாவைப் பார்த்து எரிச்சல்பட்டவள் நான். அன்றைக்கு அது இல்லாமல் அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

புவனேஷ் மளமளவென்று எழுதினார். அக்கம்பக்கத்தார் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாசித்துக் காட்டினார். "மேற்படி கடற்கரை என்பவர் ஒன்றும் இல்லாத ஏழை என்று..."

"சார், அத மாத்தி எழுதுங்க" என்றாள் வேல்விழி.

"எதைங்க?"

"ஒன்றும் இல்லாதன்னு போடாதீங்க. வருமானம் குறைவுன்னு போடுங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கெடு முடியப்போகிறது, எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருக்கிறார், இந்தப் பெண் இப்போது போய்க் கவுரவம் பார்க்கிறாள். அப்பன் மகள்தானே!

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்றார் புவனேஷ்.

"இல்ல சார். எங்கப்பாவுக்கு நான் இருக்கேன்லா."

புவனேஷ் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் முதலிலிருந்து எழுதினார். அக்கா, நயினார், நான் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் சான்றிதழ் வந்ததும், கெடுவுக்குள் நானே விண்ணப்பத்தை அனுப்பியதும், உதவித்தொகை கிடைத்து வேல்விழி திருநெல்வேலிக்குப் போனதும் பிறகு நடந்தவை.

அன்றைக்கு ஆபீஸில் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் அழுதார். வேறு நாளாக இருந்தால் கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது, தூசி விழுந்துவிட்டது என்று ஏதாவது ஒரு கதை சொல்லியிருப்பார். அன்றைக்கு எதுவும் சொல்லாமல், யாரோ கொடுத்த அந்தச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.