ஜொகூருக்குப் போய்ச் சேராத மஞ்சள் பட்டு

தொண்ணூறுகளின் கடைசி. பினாங்கு ஜார்ஜ்டவுனில், சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் பரதநாட்டிய உடைகள் தைத்துக்கொண்டிருந்தேன். இன்டர்நெட் புதிதாக வந்திருந்த நேரம். கணினிக் கடையில் உட்கார்ந்து உடைகளின் படங்களைப் போட்டால், முகம் பார்க்காத ஊர்களிலிருந்து ஆர்டர் வரும். தலை கால் புரியவில்லை எனக்கு.

நாட்டின் தெற்குக் கோடியில், ஜொகூரில் ஒரு பெண்ணுக்கு அரங்கேற்றம். முருகன் சன்னிதியில் மஞ்சள் பட்டில்தான் ஆட வேண்டும் என்று வேண்டுதல். தைத்து, பேருந்தில் பார்சலாக அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை அரங்கேற்றம்; புதன்கிழமை காலை அவள் அம்மா போனில் அழுகிறார், பார்சல் வரவில்லை என்று. பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். வழியில் எந்த ஊரில் இறக்கினார்களோ, யாருக்கும் தெரியவில்லை. மறுபடி தைக்கலாம் என்றால் தைப்பூசம் நெருங்கிய வாரம். கடை கடையாக ஏறி இறங்கினேன். மஞ்சள் பட்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா பசாரிலிருந்து காய்கறிப் பையோடு வந்தார். அவரும் நாட்டிய உடை தைப்பவர்தான். நான் வாடிக்கையை இழுத்துக்கொண்டேன் என்று ஒரு வருடமாக என்னோடு பேச்சில்லை.

“என்ன, கம்பியூட்டர் அழ வச்சிருச்சா?”

விக்கி விக்கிச் சொன்னேன்.

“பார்சல அப்புறம் தேடலாம்லா. புள்ளயோட அளவு இருக்கா?”

“அளவு இருக்குக்கா. பட்டுதான் இல்ல.”

காய்கறிப் பையை என் மடியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் கத்தரி, மறு கையில் மஞ்சள் பட்டு. தன் மகள் அரங்கேற்றத்துக்கென்று வாங்கி வைத்திருந்தது. அந்த மாடிக்கே தெரியும்.

“அக்கா, வேணாம்…”

“அவ இன்னும் அடவையே ஒழுங்கா ஆடல. நீ ரவிக்கய தை. விசிறி மடிப்பு என் வேல. நீ வச்சா காத்துல ஒடஞ்ச கொட மாதிரி இருக்கும்.”

சொல்லி முடிக்குமுன், ரவிக்கைக்குத் துண்டு பிரிக்க, கத்தரி பட்டில் இறங்கிவிட்டது. அந்தச் சத்தம்! என் உடம்பில் ஓடியதுபோல் இருந்தது. வெட்டியவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இரண்டு வீட்டு மெஷின்களும் ஒரே கூடத்தில் ஓடின. வெள்ளிக்கிழமை காலை, உடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே அதட்டினார்: “இன்னொரு தடவ பார்சல்ல போட்றாத. நீயே கொண்டு போ.”

மடியில் வைத்துக்கொண்டு போனேன். மறுநாள் மேடையில் அந்தப் பெண் அரைமண்டியில் அமர, மஞ்சள் விசிறி ஒரு மடிப்புப் பிசகாமல் விரிந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நன்றிக்கு உரியவர் பினாங்கில் அல்லவா இருந்தார்.

தொலைந்த பார்சல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் தான் பேசாமலே ஒதுக்கி வைத்திருந்த ஒருத்திக்காக, பார்த்தே இராத ஒரு பெண்ணுக்காக, மகளின் பட்டை வெட்டிய அந்தக் கையைப் பார்த்த பிறகு, எந்த மனிதரையும் இவ்வளவுதான் என்று முடிவு கட்ட எனக்குத் துணிவு வந்ததில்லை.