நான்காவது பத்து

எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். தினமும் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. பத்துப் பத்து ஜெபங்களாக வரும் அதன் ஐந்து பத்துகளில் நானும் மனைவியும் ஆளுக்கு இரண்டைச் சொல்லுவோம். நான்காவது பத்து மகளுடையது, சிறுமியாக அவள் முதல் நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கிய வருடத்திலிருந்து. தொடங்குமுன் யாருக்காகச் சொல்கிறோம் என்று ஒரு வரி சொல்லுவது எங்கள் வழக்கம்.

பிளஸ் டூ படிக்கும்போது அவள் மேசைக்கு மேல் ஒரு படம் ஒட்டினாள். ஜப்பான் கார்ட்டூன். வாளோடு ஒரு வீரன், எதிரே கொம்பு முளைத்த பேய். மாதா படம் இருக்கிற அறையில் பேயா என்று எனக்குப் பொறுக்கவில்லை. அவள் டியூசன் போயிருந்தபோது கிழித்துப் போட்டுவிட்டேன். வந்து பார்த்தவள் அழவில்லை. அன்று ஜெபத்துக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. நான்காவது பத்தையும் மனைவியே சொன்னாள். நான் என் பத்தை, மகள் மனம் மாற வேண்டுமென்று சொல்லிவந்தேன்.

இரண்டு வாரம் போனது. அந்தக் கார்ட்டூனே சினிமாவாகத் தமிழ் டப்பிங்கில் ஓடுவதாகப் பழங்காநத்தத்தில் போஸ்டர் பார்த்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும், போவோமா என்று அவளைக் கேட்டேன்.

"நீங்களா?" என்றாள். அத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மனைவி சும்மா விடவில்லை. "சட்டப் பையில ஜெபமாலையோட பேய்ப் படத்துக்குப் போற ஆளு மதுரையிலயே நீங்க ஒருத்தர்தேன்."

தியேட்டரில் சண்டை எனக்குப் பாதி புரியவில்லை. "யாரு யார வெட்டுறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "பேசாமப் பாருங்கப்பா." கடைசியில் பேய் விழுந்தது. அதுவும் ஒரு காலத்தில் மனிதன், தம்பியைப் பறிகொடுத்தவன் என்று காட்டினார்கள். வெட்டிய வீரனே பக்கத்தில் உட்கார்ந்து அதன் கண்களை மூடிவிட்டான். என் கை சிலுவை போட்டது.

ஷேர் ஆட்டோவில் கேட்டாள். "பயந்துட்டீங்களா?"

"இல்ல தாயி. அந்தப் பேய்க்காக வேண்டிக்கிட்டேன்."

"அது சும்மா வரைஞ்சதுப்பா."

"இருக்கட்டும். இது தெரியாமக் கிழிச்சுப்புட்டேன். என் தப்புதேன்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை மூன்றாவது பத்து முடிந்தது. மனைவி அடுத்ததைத் தொடங்க வாயெடுத்தாள். மகள் அறையிலிருந்து வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன்மா. இது, பேயாப் போனவங்களுக்காக."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து அடுத்த மணியைப் பிடித்துக்கொண்டேன்.